ஐம்பத்தொன்றாம் எண் படம்



காப்பி அடிப்பதைப் பற்றி நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் டிராயிங் வகுப்பு ஆரம்பித்த ஒரு மாதத்திலேயே, ஹாஸ்டல் ரூமில் இரண்டு நாற்காலிக்கு நடுவே கண்ணாடியைப் போட்டு, அடியில் டியூப் லைட்டை எரியவிட்டு, சீனியர் ஷீட் மேல் நம்ம ஷீட்டை ஒட்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஜி.டி. அடித்தவர்கள்தானே நாம்! ரெக்கார்டு நோட்டு சங்கதியைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் நம்ம எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு காப்பி வேலை நமக்குள்ளேயே நடக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், தன்னிடம் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் ஒரு எழுத்து விடாமல் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளின் எண்ணிக்கை சுமார் 600 கோடி ஜோடி. ஒரே ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். இதைப் பிரதி எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய 8 மணி. நமக்கு ஒரு ஷாப் டிராயிங் முடிக்கவே அதற்கு மேல் ஆகிறது.

இது எப்படி நடக்கிறது என்று உலகத்துக்குப் புரிய வைத்தவர்கள் யார் என்று கேட்டால், பிளஸ் டூ புத்தகம் படித்த யாரும் வாட்சன், கிரிக் என்று ரெண்டு பேரைச் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் ரோசலிண்ட் பிராங்க்ளின். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை நடுவிலே சொல்கிறேன், இப்போதே சொன்னால் யாரும் மேலே படிக்க மாட்டீர்கள்.

ரோசலிண்ட் 1920ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி லண்டனில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். அப்பா எல்லிஸ் பிராங்க்ளின் வங்கித் தொழிலில் இருந்தவர். எனக்குப் பிடித்த விஷயம், அவர் மாலை நேரங்களில் லண்டன் தொழிலாளர் கல்லூரிக்குப் போய், பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் ஆட்களுக்கு மின்சாரமும் காந்தவியலும் சொல்லிக்கொடுப்பார். நம்ம பார்ட் டைம் டிப்ளமோ வகுப்பு மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே கணக்கு என்றால் விளையாட்டு. செயிண்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் படிப்பில் முதல், பாட்டில் மட்டும் பூஜ்யம். அங்கே இசை கற்பித்த பெரிய இசையமைப்பாளர் குஸ்டவ் ஹோல்ஸ்ட், இந்தப் பெண்ணுக்குக் காதில் ஏதாவது கோளாறா என்று அவர் அம்மாவிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு.

1938இல் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். 1941இல் படிப்பை முடித்தார். முடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் பரீட்சை எழுதலாம், பாஸ் பண்ணலாம், ஆனால் முழுப் பட்டம் ஆண்களுக்கு மட்டுமே! பெண்களுக்கும் முழுப் பட்டம் என்று ஆனது 1948இல்தான்.

படித்து முடித்ததும் அவர் போனது உயிரியலுக்கு அல்ல. நிலக்கரிக்கு! இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942இல் பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலை. தலைக்கு மேல் ஜெர்மன் விமானம் பறக்கும் ஊரில் இந்த 22 வயதுப் பெண் தினமும் வேலைக்குப் போய், நிலக்கரிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை அளந்தார். எப்படி? ஹீலியம் வாயு அணுக்கள் மிகச் சிறியவை, சின்னச் சந்திலும் நுழைந்துவிடும். தண்ணீர் போன்றவற்றின் மூலக்கூறுகள் அதைவிடப் பெரியவை. எது உள்ளே போகிறது, எது வாசலோடு நின்றுவிடுகிறது என்று பார்த்துப் பார்த்து, நிலக்கரியின் துளைகளில் இருக்கும் குறுகல்கள் மூலக்கூறுகளுக்குச் சல்லடை மாதிரி வேலை செய்கின்றன என்று காட்டினார். 1945இல் இதற்குக் கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் கொடுத்தது. கெமிக்கல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்: வாயு முகமூடியில் போடும் கரி நன்றாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் இந்த ஓட்டைக் கணக்கில்தான் இருக்கிறது.

1947இல் பாரிஸ். அங்கே ழாக் மேரிங் என்பவரிடம் எக்ஸ்ரே சிதறல் முறையைக் கற்றுக்கொண்டார். ஒரு பொருளின் மீது எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்துக்குத் தக்கபடி அது சிதறி, பிலிமில் புள்ளிகளும் கோடுகளுமாக விழும். பிலிமைப் பார்த்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். நிழலைப் பார்த்து ஆளை வரைவது மாதிரி, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். கரியைச் சூடாக்கினால் சில வகை கிராபைட்டாக மாறும், சில வகை 3000 டிகிரிக்குப் போனாலும் அசையாது. ஏன் இந்த வித்தியாசம் என்று 1951இல் அவர் வெளியிட்ட கட்டுரையை, கரிப்பொருள் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். டி.என்.ஏ. பக்கமே போகாமல் இருந்திருந்தாலும் பேர் சொல்லும் விஞ்ஞானிதான். பாரிஸ் வாழ்க்கையும் அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல சாப்பாடு, மலையேற்றம், காரசாரமாக வாதம் பண்ணிவிட்டுச் சிரித்துக்கொண்டே பிரியும் சகாக்கள்.

அதை விட்டுவிட்டு 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். இங்கேதான் வினை ஆரம்பம்.

துறைத் தலைவர் ஜான் ராண்டல். இவர் யார் தெரியுமா? 1940இல் ஹாரி பூட் என்பவரோடு சேர்ந்து கேவிட்டி மேக்னட்ரானை உருவாக்கியவர். போரில் ராடாருக்கு உயிர் கொடுத்தது அதுதான். மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளே இருப்பதும் அதன் வாரிசுதான். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆட்களை நிர்வகிப்பதில் மனிதர் சொதப்பிவிட்டார். டி.என்.ஏ.யின் எக்ஸ்ரே வேலை இனி உங்களுடையது என்று ரோசலிண்டுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்த மாரிஸ் வில்கின்சிடம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. வில்கின்ஸ் லீவு முடிந்து வந்து பார்த்தால், தன் மேசையில் ஒரு புது ஆள். தனக்கு உதவிக்கு வந்தவர் என்று அவர் நினைத்தார். இது என் வேலை, இவர் ஏன் தலையிடுகிறார் என்று இவர் நினைத்தார். வில்கின்ஸ் கூச்ச சுபாவம், பேச்சை விழுங்குபவர். ரோசலிண்ட் முகத்துக்கு நேராகப் பேசுபவர். அப்புறம் எப்படி இருக்கும்? கடைசி வரை ஒத்துப்போகவே இல்லை. வில்கின்சிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரேமண்ட் கோஸ்லிங்கும் இவருக்கு மாற்றப்பட்டார். ரெண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அந்தப் பையன் முழித்திருப்பான் பாவம்.

பரம்பரைக் குணத்தைச் சுமப்பது டி.என்.ஏ.தான் என்று 1944இலேயே அமெரிக்காவில் ஏவரியும் கூட்டாளிகளும் காட்டியிருந்தார்கள். ஆனால் அது எப்படித் தன்னைத் தானே பிரதி எடுக்கிறது? வடிவம் தெரியாமல் அதற்குப் பதில் கிடைக்காது. மெஷினைத் திறந்து பார்க்காமல் எப்படி ஓடுகிறது என்று சொல்ல முடியுமா?

ரோசலிண்ட் வேலை செய்த விதத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. சுவிட்சர்லாந்தின் சிக்னர் என்ற விஞ்ஞானி கொடுத்த மிகத் தரமான டி.என்.ஏ. கிங்சில் இருந்தது. அது ஈரமாக இருக்கும்போது பசை மாதிரி இருக்கும். குச்சியால் தொட்டு இழுத்தால் முடியைவிட மெல்லிய நூலாக வரும். அந்த நூலைச் சின்ன கேமராவுக்குள் பொருத்தி, உள்ளே ஹைட்ரஜன் வாயுவை உப்புக் கரைசல் வழியாக விட்டு, ஈரப்பதத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். அதுவரை யாரும் இந்த ஈரப்பதத்தை ஒழுங்காகக் கட்டுப்படுத்தியதில்லை. அதனால் ஆளுக்கொரு மங்கலான படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கட்டுப்படுத்தியதும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 75 சதவீத ஈரத்தில் டி.என்.ஏ. ஒரு வடிவம், 92 சதவீதத்தில் நீண்டு வேறொரு வடிவம். முன்னதற்கு ஏ என்றும் பின்னதற்கு பி என்றும் பெயர் வைத்தார். பழைய படங்கள் எல்லாம் ரெண்டையும் கலந்து எடுத்தவை, அதனால்தான் குழப்பம்!

1952 மே மாதம், ரோசலிண்டின் மேற்பார்வையில் கோஸ்லிங் பி வடிவத்தை ஒரு படம் எடுத்தார். ஒரே பிலிம், சுமார் 62 மணி நேரம் எக்ஸ்ரே. அதுதான் 51ஆம் எண் படம். நடுவே பெருக்கல் குறி மாதிரி பட்டைப் பட்டையாகக் கறுப்புப் புள்ளிகள், மேலும் கீழும் அடர்ந்த வில். தெரிந்தவர்கள் பார்த்தால், பெருக்கல் குறி என்றாலே இது சுருள்தான். கோடுகளின் இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சுற்றுக்கு 34 ஆங்ஸ்ட்ராம், அடுக்குக்கு அடுக்கு 3.4 ஆங்ஸ்ட்ராம், அதாவது சுற்றுக்குப் பத்து அடுக்கு. தடிமன் 20 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரை ஒரு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு. மைக்ரோமீட்டரில் ஜீரோ எரர் பார்ப்பதற்கே நாம் திணறுகிறோம், இந்த அம்மா இதை அளந்திருக்கிறார்.

ஆனால் படத்தை அவர் தனியே எடுத்து வைத்துவிட்டார். ஏ வடிவத்தின் படங்களில் புள்ளிகள் கூர்மை அதிகம், தகவல் அதிகம், எனவே முதலில் அதைக் கணக்குப் போட்டு முடிப்போம் என்று உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. மாதக் கணக்கில் போனது. 1952 ஜூலையில், ஏ வடிவத்துக்குச் சுருள் கிடையாது என்று கேலியாக ஒரு இரங்கல் அட்டைகூட எழுதினார். எனக்கு இங்கே அவர் மேல் ஒரு சின்ன வருத்தம். பி படத்தை மட்டும் கையில் எடுத்திருந்தால்? ஆனால் அளக்காமல் அனுமானிக்கக் கூடாது என்பது அவர் சுபாவம். 1951 நவம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து அவர் உரையைக் கேட்ட ஜேம்ஸ் வாட்சன், குறிப்பே எடுக்காமல் போய், தண்ணீர் அளவைத் தப்பாக ஞாபகம் வைத்து, பிரான்சிஸ் கிரிக்கோடு சேர்ந்து மூன்று இழை மாடல் ஒன்று கட்டினார். பார்க்கப் போன ரோசலிண்ட், பாஸ்பேட் உள்ளே இருக்காது, வெளியேதான் இருக்கும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு வந்தார். மாடல் அன்றே காலி!

இப்போது என் கதை.

இரண்டாம் வருஷம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில், பீம் வளைவு சோதனை. என் பேட்சில் ஒரு தோழி. டயல் கேஜ் முன்னால் இரண்டு மணி நேரம் குனிந்தபடி ஒவ்வொரு ரீடிங்கும் அவள் எடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்று கதை பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம். அவள் நோட்டை வாங்கி கிராப் மட்டும் நான் போட்டேன். அழகாக, நேர்கோடாக வந்தது. வைவாவில் என் முறை முதலில் வந்தது. கிராப்பைப் பார்த்து எக்ஸ்டர்னல் பாராட்டினார், ரீடிங் எடுத்ததில் நல்ல கவனம் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு என்னைவிடக் குறைந்த மார்க். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கிங்சிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. சூழ்நிலை சரியில்லை என்று ரோசலிண்ட் 1953 தொடக்கத்தில் பிர்க்பெக் கல்லூரிக்கு மாற முடிவு செய்துவிட்டார். கோஸ்லிங் மறுபடி வில்கின்ஸ் பொறுப்புக்கு வந்தார், கூடவே படமும் வந்தது. ஜனவரி 30ஆம் தேதி வாட்சன் கிங்சுக்கு வந்தபோது வில்கின்ஸ் அதை எடுத்துக் காட்டினார். எடுத்தவரிடம் கேட்கவில்லை. அடுத்த மாதம், கிங்ஸ் ஆராய்ச்சிக் குழு கொடுத்திருந்த ஓர் அறிக்கை, மேக்ஸ் பெருட்ஸ் என்பவர் வழியாகக் கிரிக் கைக்குப் போனது. அதில் ரோசலிண்டின் அளவுகள் இருந்தன. ரகசிய அறிக்கை ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஏ வடிவப் படிகத்தின் சமச்சீர் எந்த வகை என்று அவர் அதில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் கிரிக்குக்கு ஒன்று பிடிபட்டது: இழைகள் இரண்டு, அவை எதிர் எதிர்த் திசையில் ஓடுகின்றன. நியாயமாகச் சொன்னால், அந்த வரியின் அர்த்தம் ரோசலிண்டுக்கே முழுசாக எட்டவில்லை, கிரிக்குக்கு எட்டியது. அதற்குரிய பெருமையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

1953 பிப்ரவரி 28ஆம் தேதி கேம்பிரிட்ஜில் புதிர் அவிழ்ந்தது. இரட்டைச் சுருள். ஏணியை முறுக்கினாற்போல. ஏணிப் படிகள் நான்கு வகைக் காரங்களால் ஆனவை: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்கு எதிரே தைமின்தான் உட்காரும். குவானினுக்கு எதிரே சைட்டோசின்தான். இந்த ஜோடிகளின் அளவு சமமாக இருப்பதை எர்வின் சார்காஃப் முன்பே அளந்து சொல்லியிருந்தார், ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இந்த ஜோடி விஷயம் தெரிந்ததும் காப்பி எப்படி என்பதும் தெரிந்துவிட்டது. ஃபிட்டிங் ஷாப்பில் வி ஃபிட்டிங் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு தகட்டில் வி வெட்டு, இன்னொன்றில் அதற்குப் பொருந்தும் வி முனை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. அதில் ஒரு தகடு தொலைந்துபோனால் என்ன செய்வோம்? இருக்கிற தகட்டை வைத்தே தொலைந்ததை அராவி எடுத்துவிடலாம். டி.என்.ஏ.யும் அப்படியே. இரண்டு இழையும் பிரிந்து நிற்கட்டும். ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத் தானே தீர்மானிக்கும். முடிவில் ஒன்று இரண்டாகும். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இழை, ஒரு புது இழை. நாம் கண்ணாடி மேல் அடிக்கிற மாதிரி கோட்டுக்கு மேல் கோடு இல்லை இது. அச்சும் வார்ப்பும் மாதிரி.

1953 ஏப்ரல் 25ஆம் தேதி நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன், கிரிக். அடுத்தது வில்கின்ஸ் குழு. கடைசியில் ரோசலிண்டும் கோஸ்லிங்கும், 51ஆம் எண் படத்தோடு. படிப்பவர்களுக்கு, முன்னவர்கள் கண்டுபிடித்ததை இவர்கள் பின்னால் உறுதிசெய்தார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் நடந்தது தலைகீழ். பி வடிவம் இரட்டை இழைச் சுருள் என்று ரோசலிண்ட் எழுதிவைத்த வரைவு ஒன்று பின்னாளில் கிடைத்தது. அதன் தேதி 1953 மார்ச் 17. கேம்பிரிட்ஜ் மாடலின் விவரம் கிங்சுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்!

2023இல் மேத்யூ காப், நதானியேல் கம்ஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து நேச்சரில் எழுதினார்கள். ஒரு படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்பது வாட்சன் தன் புத்தகத்தில் சுவைக்காகக் கட்டிய நாடகம். ரோசலிண்ட் ஏமாந்து நின்றவர் அல்ல, நான்கு பேரில் சமபங்கு கொண்ட ஒருவர் என்பது அவர்கள் வாதம். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. ஐயோ பாவம் என்று சொல்லிச் சொல்லியே அவருடைய கணக்கை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி அந்தக் காப்பி மெஷின். 1956இல் அமெரிக்காவில் ஆர்தர் கார்ன்பெர்க், எழுத்து எழுத்தாகக் கோக்கும் நொதியைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார். டி.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். 1959இல் நோபல். முதலில் ஹெலிகேஸ் என்ற நொதி ஜிப்பைத் திறப்பது மாதிரி இரு இழைகளையும் பிரித்துக்கொண்டே போகும். பாலிமரேசால் வெறும் தரையில் ஆரம்பிக்க முடியாது. பிரைமேஸ் என்ற நொதி ஒரு சின்னத் துண்டைப் போட்டுக் கொடுத்தால், அதன் முனையிலிருந்து கோத்துக்கொண்டு போகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பாலிமரேஸ் ஒரு திசையில்தான் ஓடும், ரிவர்ஸ் கியர் கிடையாது. இரு இழைகளோ எதிர் எதிர்த் திசை. ரோசலிண்டின் அறிக்கையில் ஒளிந்திருந்த அதே சங்கதி! ஒரு இழையில் பிரச்னை இல்லை. ஜிப் திறக்கத் திறக்கப் பின்னாலேயே போகலாம். இன்னொன்றில்? கொஞ்சம் திறந்ததும் பின்பக்கமாக ஒரு துண்டு, மறுபடி கொஞ்சம் திறந்ததும் இன்னொரு துண்டு. இப்படித் துண்டு துண்டாகப் போட்டு, லைகேஸ் என்ற நொதி கடைசியில் வெல்டிங் வைக்கும். 1960களில் இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனேகோவும். ரெய்ஜி, பதின்வயதில் ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார்.

வேகம் எவ்வளவு? பாக்டீரியாவில் விநாடிக்கு ஆயிரம் எழுத்து வரை. மனித செல்லில் ஐம்பது போலத்தான். அப்படியானால் 600 கோடியை ஒரே முனையிலிருந்து ஆரம்பித்தால் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். அரியர் இல்லாமல் டிப்ளமோவே முடித்துவிடலாம். எட்டு மணியில் எப்படி முடிகிறது என்றால், ஒரே நேரத்தில் பல ஆயிரம் இடங்களில் வேலை ஆரம்பிக்கிறது. ஒரே இரவில் ரோடு போடும்போது ஊரெங்கும் கேங் இறக்குவது மாதிரி.

தப்பு வராதா? வரும். பாலிமரேஸ் தானாகக் கோக்கும்போது சுமார் லட்சத்துக்கு ஒரு தப்பு. ஆனால் கோத்ததும் தானே திரும்பிப் பார்த்து, பொருந்தாததைக் கழற்றிவிட்டுச் சரியானதைப் போடும். அப்போது கோடிக்கு ஒன்றாகக் குறையும். அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம் வந்து இன்ஸ்பெக்‌ஷன் போடும். கடைசியில் நூறு கோடிக்கு ஒன்று போலத்தான் தங்கும். எந்தத் தொழிற்சாலையில் இந்தத் தரம் உண்டு?

தங்கிய தப்பு அடுத்தடுத்த பிரதியில் அப்படியே போகும். யாரிடமிருந்து யார் வந்தார்கள் என்று வம்சாவளி போட விஞ்ஞானிகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் என் பீம் சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. கிராப்பை அவள் நோட்டைப் பார்த்துப் போட்டேன், சரி. அட்டவணையை அவசரத்தில் எழுதும்போது 4.62 என்பதை 6.42 என்று எழுதிவிட்டேன். என்னுடையதைப் பார்த்து ஐந்து பேர் எழுதினார்கள். வைவா முடிந்து இரண்டு நாள் கழித்து, எங்கள் லெக்சரர் எல்லா ரெக்கார்டுகளையும் மேசை மேல் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டார். ஆறு நோட்டில் 6.42. ஒரே ஒரு நோட்டில் 4.62. அவர் ஒன்றும் திட்டவில்லை. அந்த ஒரு நோட்டை மட்டும் மூடி, தன் பக்கம் வைத்துக்கொண்டார். மார்க் லிஸ்ட் அதற்குள் போய்விட்டிருந்தது.

ரோசலிண்ட் கதைக்கு வருவோம். பிர்க்பெக்கில் பெர்னால் தலைமையில் வைரஸ் ஆராய்ச்சி. இந்த பெர்னால்தான் 1950களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னவர், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதற்கு மூன்று இழைச் சுருள் வடிவத்தைச் சொன்னார்கள். அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம். பிர்க்பெக்கில் ரோசலிண்ட், புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸ் உள்ளே குழாயாக வெற்றிடம் கொண்ட ஒரு கோல் என்றும், அதன் ஆர்.என்.ஏ. நடுவே தொங்காமல் புரதச் சுவருக்குள் புதைந்து சுருளாகப் போகிறது என்றும் காட்டினார். ஆரோன் க்ளுக் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். வாட்சனோடும் கிரிக்கோடும்கூட நல்ல நட்பு. படத்தை அவர்கள் பார்த்த விஷயம் முழுசாக அவருக்குத் தெரியுமா என்பதற்கு ஆதாரம் இல்லை.

1956இல் அமெரிக்கப் பயணத்தின்போது வயிறு வீங்கிப் பாவாடை இறுகியது. லண்டன் திரும்பிப் பார்த்தால் கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பையில் புற்றுநோய். டி.என்.ஏ. பிரதியில் விழுந்து திருத்தப்படாமல் தங்கும் தப்புகள் சேர்ந்துதான் புற்றுநோய் வருகிறது. இவருக்கு எக்ஸ்ரேயால் வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பாதுகாப்பு குறைவு என்பது மட்டும் நிஜம். அறுவை சிகிச்சை முடிந்து வந்து வேலை, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வேலை. போலியோ வைரசையும் ஆராயத் தொடங்கினார். பிரசெல்ஸ் உலகக் கண்காட்சிக்காகப் பெரிய வைரஸ் மாடல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார்.

1958 ஏப்ரல் 16ஆம் தேதி லண்டனில் இறந்தார். வயது 37. கண்காட்சி தொடங்கியது மறுநாள்.

அவர் இறந்து மூன்று மாதத்தில், மெசல்சன், ஸ்டால் என்ற இரு இளைஞர்கள் கலிபோர்னியாவில் செய்த சோதனை வெளியானது. பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 கொடுத்து வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றி, ஒரு தலைமுறை கழித்து அதன் டி.என்.ஏ.யைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனமானது கீழே, லேசானது மேலே நிற்க வேண்டும். எல்லாம் நட்ட நடுவே ஒரே பட்டையாக நின்றது. அடுத்த தலைமுறையில் பாதி நடுவே, பாதி மேலே. பழையது ஒன்று, புதியது ஒன்று என்ற அந்த ஃபிட்டிங் கணக்கு ஊர்ஜிதமானது.

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. ரோசலிண்டோடு தொடங்கிய வழியில் மேலே போன க்ளுக்குக்கு 1982இல் நோபல். அவருடைய குறிப்பேடுகளைப் பொறுமையாகப் படித்து, எந்தத் தேதியில் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் க்ளுக்தான்.

லண்டன் வில்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் ரோசலிண்டின் கல் இருக்கிறது. விஞ்ஞானி என்று போட்டு, வைரஸ் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். டி.என்.ஏ. பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 1958இல் அந்தக் கல்லைச் செதுக்கக் கொடுத்தவர்களுக்கு அதை எழுதத் தோன்றவில்லை.